வினாத்தாளில் இருக்கும் மொழிதான் கல்லூரியின் மொழி

ஆசிரியர் அவர்களுக்கு,

"அடுத்த அணியிலிருந்து எல்லாப் பாடங்களும் ஆங்கில மொழிமூலம் மாத்திரமே நடைபெறும்." மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஏதாவதொரு உயர்கல்விக் கல்லூரியின் அறிவித்தல் பலகையில் இப்படியொரு தாள் அவ்வப்போது ஒட்டப்படுகிறது. ஒட்டிய கிழமையிலேயே வாதமும் தொடங்கிவிடும். தமிழைக் கைவிடுகிறார்கள் என்பார் ஒருவர். ஆங்கிலம் இல்லாமல் எங்கே வேலை என்பார் இன்னொருவர். இரண்டு பக்கமும் பேசி ஓய்ந்த பிறகு வகுப்பறை முன்பு எப்படி நடந்ததோ அப்படியே நடக்கும். பரீட்சைப் பெறுபேறு வந்ததும் முதலாம் வருட மாணவரில் ஒரு பகுதியினர் காணாமல் போயிருப்பார்கள். இவ்வகைக் கல்லூரிகளில் படிப்பிப்பதும் வினாத்தாள்களை மொழிபெயர்ப்பதும் எங்கள் தொழில். அந்த வாதத்துக்குள் வராத சில காரியங்களை எழுதுகிறோம்.

ஒரு பாடத்துக்கு ஒரு மொழிதான் என்று அறிவித்தல் சொல்கிறது. உண்மையில் ஒரு பாடத்துக்குள் நான்கு இடங்களில் மொழி இருக்கிறது. பாடத்திட்டம், விரிவுரை, கையில் கொடுக்கும் ரியூட் எனும் பயிற்சித்தாள், வினாத்தாளும் விடைத்தாளும். ஆங்கில மொழிமூலம் என்று பெயர் போட்ட கணக்கீட்டு வகுப்பொன்றின் வாசலில் நின்று கேளுங்கள். "இஞ்ச பாருங்க, இந்த பேலன்ஸ கீழ கொண்டந்து, மத்தப் பக்கம் கிரெடிட் பண்ணோணும், விளங்கிச்சா?" என்றுதான் கேட்கும். பாடத்திட்டம் ஆங்கிலம், பேச்சு தமிழ், ரியூட் பாதிக்குப் பாதி, வினாத்தாள் முழுக்க ஆங்கிலம். விரிவுரையாளரை இதற்காகக் குற்றம் சொல்ல மாட்டோம். முன்னால் இருக்கிற முகங்களைப் பார்த்து அவர் தமிழுக்கு இறங்குகிறார். ஆனால் பதினைந்து கிழமை தமிழில் விளங்கிக்கொண்ட ஒன்றைப் பதினாறாவது கிழமை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லும்போது, இடையில் ஏறிக் கடக்கப் பாலம் ஒன்று போடவில்லை. மாணவர் கண்ட வழி, பழைய விடைகளை அப்படியே பாடமாக்குவது. கேள்வி கொஞ்சம் திரும்பினால் விடை தவறிவிடும்.

சட்டம் ஆங்கிலத்தைத்தான் கேட்கிறது என்று சிலர் சொல்வதையும் தெளிவாக்க வேண்டும். இலங்கை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை தேசிய மொழிகளான சிங்களம், தமிழ் இரண்டில் ஒன்றின் மூலம் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. போதனா மொழி வேறொரு மொழியாக உள்ள உயர்கல்வி நிறுவனத்துக்கு அது பொருந்தாது என்ற விலக்கும் அங்கேயே இருக்கிறது. அதன் இரண்டாம் பந்திதான் நிருவாகங்களுக்குத் தலையிடி. அரச நிதியில் இயங்கும் நிறுவனத்தில் ஒரு பாடநெறிக்கு ஒரு தேசிய மொழி போதனா மொழியானால், மற்றைய தேசிய மொழியில் படித்து வந்தவர்களுக்கு அந்த மொழியிலும் அதை நடத்த வேண்டும். அதே வகைப் பாடநெறி வேறொரு நிறுவனத்தில் அந்த மொழியில் நடந்தால் இந்தக் கட்டாயம் இல்லை. ஆங்கிலம் என்று போட்டுவிட்டால் இந்தச் சிக்கல் முழுதும் போய்விடுகிறது. இரண்டு விரிவுரையாளர் தேட வேண்டியதில்லை, இரண்டு வினாத்தாள் அச்சிட வேண்டியதில்லை. அது நிருவாக வசதிக்காக எடுத்த தீர்மானம் என்றால் அப்படியே சொல்லிவிடலாம். சட்டத்தின் தலையில் போட வேண்டாம். ஆங்கில வினாத்தாளோடு தமிழ் மொழிபெயர்ப்பு வைப்பதையோ சிங்கள மொழிபெயர்ப்பு வைப்பதையோ அந்த உறுப்புரை தடுக்கவில்லை.

இனி மாணவர் எங்கே தடுக்குகிறார் என்று பார்ப்போம். கடினமான கலைச்சொல்லில் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கலைச்சொல் பெரிய தடையே இல்லை, அதை யாரும் கேட்டுப் படித்துக்கொள்வார்கள். தடுக்குவது சின்னச் சொற்களில். 400,000 ரூபா ஏட்டுப் பெறுமதியுள்ள இயந்திரம் ஒன்று 'ரிடியூஸ்ட் பை' 20% என்றால் மிஞ்சுவது 320,000. 'ரிடியூஸ்ட் டு' 20% என்றால் 80,000. தமிழில் 20 சதவீதத்தால் குறைந்தது, 20 சதவீதமாகக் குறைந்தது என்று உருபு சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருவதால் தவறவிட முடியாது. ஆங்கிலத்தில் அது இரண்டெழுத்துத் தனிச்சொல்லாக ஓரத்தில் நிற்கிறது. அவசரமாக வாசிக்கும் கண் எண்ணைப் பார்க்கும், அந்தச் சொல்லைப் பார்க்காது. கணக்கு முழுவதும் சரியாகச் செய்து விடை பிழைத்த தாள்களில் இந்த வகையை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். 'ரெஸ்பெக்டிவ்லி' இன்னொன்று. முறையே என்று ஒரு தரம் சொல்லிக்கொடுத்தால் முடிந்த காரியம். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, ஏனென்றால் அது எந்தப் பாடத்திலும் இல்லை.

கட்டளைச் சொற்களும் அப்படித்தான். 'ஸ்டேட்' என்றால் விளக்கமின்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், 2 புள்ளி. மாணவர் அதற்கு அரைப் பக்கம் எழுதுவார். 'டிஸ்கஸ்' என்றால் இரு பக்க நியாயமும் வேண்டும். அதற்கு ஒரு வரைவிலக்கணம் எழுதிவிட்டு நிறுத்துவார். 'அக்கவுண்ட் ஃபோர்' என்றால் காரணம் கூறுக. கணக்கீட்டுத் தாளில் அதைக் கண்டு கணக்கொன்று கீறிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. சிரிக்கத் தோன்றும், ஆனால் அந்தப் பிள்ளையின் பார்வையில் அது முழுக்க நியாயமான வாசிப்பு. இப்படியான சொற்கள் மொத்தம் இருபதுக்கு மேல் இல்லை. ஒரு பக்கத் தாளில் அடங்கும். முதலாம் கிழமையே கையில் கொடுத்துவிடலாம்.

கலைச்சொல்லில் வரும் ஆபத்து வேறு விதமானது, அண்மைக் காலத்தில் கூடியும் இருக்கிறது. மாணவர் கைப்பேசியில் தேடுகிறார், தமிழ்நாட்டுக் காணொளி வருகிறது. மொழிபெயர்ப்புச் செயலியில் போடுகிறார், தமிழ்நாட்டுச் சொல் வருகிறது. ஒட்சிசனை ஆக்சிஜன் என்றால் யாருக்கும் நட்டமில்லை. ஒரே சொல் இரு கரையிலும் வேறு பொருளில் வழங்கும் இடத்தில்தான் மோசம். எமது பௌதிகவியலில் திணிவு வேறு, நிறை வேறு. நிறை ஒரு விசை, நியூட்டனில் அளப்பது. தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்பது எமது திணிவு, கிலோகிராமில் அளப்பது. எமது நிறையை அவர்கள் எடை என்பார்கள். எமக்குக் கதி என்பது திசை இல்லாதது, வேகம் திசை உள்ளது. அங்கே வேகம் திசை இல்லாதது, திசை சேர்ந்தால் திசைவேகம். கணக்கீட்டில் இன்னும் கேடு. எமது உயர்தரத்தில் டெபிட் என்றால் வரவு, கிரெடிட் என்றால் செலவு. அங்கே டெபிட் பற்று, கிரெடிட் வரவு. ஆக வரவு என்ற ஒரே சொல் பாக்குநீரிணையைத் தாண்டினால் பேரேட்டின் மறுபக்கத்துக்குப் போய்விடுகிறது. காணொளியைப் பார்த்து இரவிரவாகப் படித்த பிள்ளை காலையில் எல்லாப் பதிவையும் தலைகீழாகப் போட்டால், அது கணக்கீடு தெரியாததால் அல்ல. இரு நாட்டுச் சொற்களும் தம்மளவில் சரியானவை. மாணவரிடம் எச்சரிக்கை சொல்லாததுதான் பிழை.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைகொடுத்து நின்றவர். அவர் பிறந்த மண்ணிலேயே ஒரு கல்லூரி தன் மாணவருக்கு 300 சொல் கொண்ட பட்டியலொன்று தயாரிக்காமல் இருப்பது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பட்டியலைச் செய்வது பெரிய வேலை அல்ல. அகரவரிசைப்படி பெரிய அகராதி வேண்டாம், அதை யாரும் திறப்பதில்லை. பாடத்தின் கடந்த ஐந்து வருட வினாத்தாள்களை எடுத்து, அவற்றில் வரும் சொற்களை மட்டும் பொறுக்க வேண்டும். கிழமைக்கு 20 சொல், 15 கிழமைக்கு 300. எந்தக் கிழமை எந்தத் தலைப்போ அந்த வரிசையில் அடுக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு நிரல்: ஆங்கில எழுத்து, அதன் உச்சரிப்பு தமிழ் எழுத்தில், உயர்தரத்தில் படித்த தமிழ்ச்சொல், பழைய வினாத்தாளிலிருந்து ஒரு வரி. தமிழ்நாட்டு வழக்கோடு மோதும் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டால் போதும். உச்சரிப்பு நிரல் எதற்கு என்று கேட்பார்கள். கடனுக்கு ஆங்கிலத்தில் 'டெட்' என்பார்கள், எழுத்தில் நடுவே 'பி' ஒன்று நிற்கும். 'ரிசீட்' என்ற சொல்லுக்குள் 'பி' என்று ஒலிக்கும் இன்னோர் எழுத்து பேசாமல் கிடக்கும். தாளில் பார்த்தால் 'டெப்ட்', 'ரெசிப்ட்' என்று மனதுக்குள் வாசிக்கும் பிள்ளைக்கு, விரிவுரையில் காதில் விழும் 'டெட்' வேறொரு சொல். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லும்வரை அவர் அந்த விரிவுரையில் இல்லை.

தமிழ்ச்சொல்லை நாமே ஆக்கவும் வேண்டாம். தேசிய கல்வி நிறுவகத்தின் உயர்தர ஆசிரியர் வழிகாட்டிகள் ஒரே பாடத்துக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அலகு அலகாகப் பார்த்தால் சோடிகள் தாமாகவே அகப்படும். அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகள் மீதிக்கு உதவும். ஒரு பாட விரிவுரையாளரும் மொழி தெரிந்த ஒருவரும் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்தால் ஒரு பாடம் முடியும். கிழமைக்கு ஐந்து நிமிடம், பத்துச் சொல், வகுப்புத் தொடங்கும்போதே ஒரு சிறு சோதனை வைக்க வேண்டும். சோதனை இல்லாத பட்டியல் கொப்பிக்குள் மடிந்து கிடக்கும்.

இருமொழி வினாத்தாளைக் கேட்டால் ஏற்கெனவே முயன்று குழம்பிவிட்டோம் என்பார்கள். குழம்பியது உண்மைதான், அதற்குக் காரணங்கள் உண்டு. மொழிபெயர்ப்பைக் கடைசி நாளில் யாரோ ஒருவரிடம் கொடுப்பது முதல் காரணம். பாடம் தெரியாதவர் செயலியில் போட்டால் 'கரண்ட் அசெட்ஸ்' தற்போதைய சொத்துக்கள் ஆகிவிடும். உயர்தரத்தில் அது நடைமுறைச் சொத்துக்கள். இரண்டாவது காரணம் இன்னும் சின்னது, ஆனால் அதிகம் கெடுப்பது அதுதான். மொழிபெயர்ப்பு முடிந்த பிறகு ஆங்கிலத் தாள் திருத்தப்படுகிறது. வட்டி 12% என்றிருந்ததை 10% ஆக்கியவர் தமிழ்ப் பக்கத்தை மறந்துவிடுகிறார். மண்டபத்தில் இரண்டு விடை பிறக்கும். ஆகவே ஆங்கிலத் தாள் சரிபார்ப்புக் குழுவைத் தாண்டிக் கையொப்பம் ஆன பிறகே மொழிபெயர்ப்புக்குப் போக வேண்டும். பின்னர் ஒருவர் ஆங்கிலத் தாளின் எண்களையும் திகதிகளையும் மாத்திரம் உரத்து வாசிக்க, மற்றவர் தமிழ்த் தாளில் ஒவ்வொன்றாகக் குறியிட வேண்டும். பத்து நிமிட வேலை. பல்தேர்வு வினாக்களில் அல்லாதது எது, பொருந்தாதது எது என்று வரும் சொல்லுக்கு இரு மொழியிலும் அடிக்கோடு போட வேண்டும். ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் வாக்கியத்தின் நடுவில் வரும், தமிழில் கடைசியில் வரும். மொழிபெயர்ப்பவர் கை தவறினால் வினா எதிர்மாறாகிவிடும்.

இரு மொழி வாசகங்களும் முரண்பட்டால் எது செல்லும் என்பதைத் தாளின் தலைப்பிலேயே அச்சிட வேண்டும். ஆங்கிலமே செல்லும் என்று போடுவது வழக்கம். நாங்கள் அதோடு ஒரு வரி சேர்ப்போம்: தமிழ் வாசகத்தை நம்பி விடை எழுதியவருக்கு அந்த வாசகத்தின்படியே புள்ளி இட வேண்டும். பிழை விட்டது கல்லூரி. சாதாரண தர, உயர்தரத் தாள்களில் மேலதிக வாசிப்பு நேரமாக 10 நிமிடம் கொடுக்கிறார்கள். இரு மொழித் தாளுக்கும் அது வேண்டும்.

இந்த ஊன்றுகோலை எப்போது எடுப்பது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். முதல் இரண்டு செமஸ்டருக்கும் முழு இருமொழித் தாள். மூன்றாவதில் ஆங்கிலத் தாள், அடியில் பத்துப் பதினைந்து சொல்லுக்குத் தமிழும் சிங்களமும். நான்காவதிலிருந்து ஆங்கிலம் மாத்திரம். விடையெழுதுவதில் முதல் வருடம் கணக்குகளும் சிறு விடைகளும் ஆங்கிலத்தில், கட்டுரை விடை விரும்பிய மொழியில். எப்போதைக்கும் தமிழ்த் தாள் கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அது பிள்ளைகளுக்கு நன்மையும் அல்ல.

சிங்களம் என்று சொன்னோம். அம்பாறை மாவட்டத்தில் இதை மறந்து எந்தக் கொள்கையும் எழுத முடியாது. ஒரே வகுப்பில் அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பிள்ளைகளோடு உகனை, தெஹியத்தகண்டியப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். விரிவுரையாளர் தமிழுக்கு இறங்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்கு இருட்டு. தென்னிலங்கைக் கல்லூரிகளில் விரிவுரை சிங்களத்துக்கு வழுக்கும்போது எங்கள் பிள்ளைகள் படும் பாடும் இதுதான். அங்கே அதைக் குறை சொல்லிவிட்டு இங்கே நாமே செய்வது சரியில்லை. கலந்த வகுப்பில் விரிவுரை ஆங்கிலத்தில் நின்றே ஆக வேண்டும். தாய்மொழிக்கு வேறு நேரம் வைக்க வேண்டும். மூன்று அலகுப் பாடம் ஒன்றுக்கு 45 மணித்தியாலம் என்றால், 30 மணி பொது விரிவுரை, 15 மணி ரியூட்டோரியல் எனும் சிறு குழுப் பயிற்சி வகுப்பு. அந்த 15 மணி தமிழ்க் குழுவுக்குத் தமிழில், சிங்களக் குழுவுக்குச் சிங்களத்தில். இதற்கு வேண்டியது பாடத்துக்கு 15 மணித்தியாலம் மேலதிகமாக ஒரு வருகை விரிவுரையாளர். ஒரு செமஸ்டர் தவறியவர்களை மீண்டும் எழுதவைத்து, தாள் திருத்தி, பெறுபேறு வெளியிடும் வேலையோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

ஆங்கிலப் பாடம் ஏற்கெனவே இருக்கிறதே என்ற பதிலும் வரும். இருக்கிறது, கிழமைக்கு மூன்று மணி, செமஸ்டருக்கு 45 மணி. அதில் எனது கிராமமும் நிகழ்காலத் தொடர்வினையும் நடக்கின்றன. ஆறாம் வகுப்பிலிருந்து நடந்த அதே பாடம். அந்த 45 மணியில் பாதியைப் பாட விரிவுரையாளரோடு பேசி எடுத்தால், பழைய வினாத்தாள் வாசித்தல், விடையின் முதல் வாக்கியம் எழுதுதல், அட்டவணை ஒன்றை மூன்று வரியில் சொல்லுதல் என்று நடத்தலாம். ஆங்கில விரிவுரையாளரும் கணக்கீட்டு விரிவுரையாளரும் ஒரே மேசையில் தேநீர் குடித்தால்கூடப் பாதி வேலை முடிந்துவிடும்.

வேலை என்றும் பேசுகிறார்களே, எந்த வேலை? அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் அரச பதிவேடுகள் பேணும் மொழி தமிழ். கணக்கீட்டு டிப்ளோமா முடித்துப் பிரதேச சபையில் உட்காரும் பிள்ளைக்கு வவுச்சரும் குறிப்பேடும் தமிழில். வங்கிக்குப் போனால் ஆங்கிலம். அரச சேவையில் 2007 ஜூலை 1க்குப் பின் சேர்ந்தவர்கள் இரண்டாவது அரசகரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும், அது எம்மவருக்குச் சிங்களம். மூன்றும் வேண்டிய பிள்ளைக்கு ஒன்றை மாத்திரம் அறிவித்தல் பலகையில் எழுதிவைப்பது எந்தக் கணக்கு என்று விளங்கவில்லை. அட்டுறு செலவு, அதாவது ஏற்பட்டும் இன்னும் கட்டாத செலவு, என்பதைத் தமிழில் தெரிந்தவர் ஆங்கிலத்திலும் சொல்லப் பழகட்டும், தமிழை மறக்க வேண்டியதில்லை. மொழிமூலம் ஆங்கிலம் என்று சான்றிதழில் இருந்தும் நேர்முகத்தில் இரண்டு வாக்கியம் சொல்ல முடியாமல் எழுந்து வருகிறவர்களை வேலை கொடுப்பவர்கள் நன்றாகவே அறிவார்கள்.

புள்ளியிடும் திட்டம் பற்றி ஒன்று. இலக்கணப் பிழைக்குப் புள்ளி குறைப்பதா இல்லையா என்று இன்று ஒவ்வொரு திருத்துநரும் தன் மனம் போனபடி செய்கிறார். ஒரே விடைக்கு ஒருவரிடம் 14, மற்றவரிடம் 9. கருத்து விளங்கினால் முழுப் புள்ளி, விளங்காவிட்டால் மாத்திரம் குறைக்க என்று முதலாம் வருடத்துக்கு எழுதிவைத்தால் இந்த வித்தியாசம் குறையும்.

கல்லூரி நிருவாகங்களிடம் நாங்கள் கேட்பது மாணவர் கைநூலின் முதற்பக்கத்தில் நான்கு வரி. ஒவ்வொரு பாடத்துக்கும் விரிவுரை எந்த மொழியில், ரியூட்டோரியல் எந்த மொழியில், வினாத்தாள் எந்தெந்த மொழியில் எந்தச் செமஸ்டர் வரை, விடை எந்த மொழியில் எழுதலாம். விண்ணப்பப் படிவத்தோடேயே அந்தப் பக்கத்தைக் கொடுக்க வேண்டும். இப்போது அது தெரியவருவது அனுமதிக் கட்டணம் கட்டி, வகுப்புத் தொடங்கி, முதல் வினாத்தாள் கைக்கு வரும்போது. உயர்தரப் பெறுபேற்றோடு வேறு பாடநெறியையும் தெரிவுசெய்திருக்கக்கூடிய பிள்ளைக்கு அதற்குள் அந்த வருடத்தின் மற்ற விண்ணப்ப முடிவுத் திகதிகள் எல்லாம் கடந்திருக்கும்.

இப்படிக்கு,
உயர்கல்வி விரிவுரையாளர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் சிலர்,
மட்டக்களப்பு.